மனிதரைக் கண்டு ஓடிய பூதம்!

இரவு நேரம். ஒரு பாழுங்கோட்டை. அதன் நடையில் ஒரு முயல் தலைதெறிக்க ஓடுகிறது. அதை ஒரு பூதம் துரத்துகிறது.

பூதத்தின் உடம்பு முழுவதும் செம்பட்டை மயிர். இரண்டு கண், இரண்டு முரட்டுக் கை, காலில் வெள்ளைக் கான்வாஸ் பூட்சு. இவற்றைத் தவிர வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

முயல் ஒளியாத இடம் இல்லை. போடாத வேஷம் இல்லை. கடைசியில் வகையாக மாட்டிக் கொள்கிறது. இனிப் பிழைக்காது என்று குழந்தைகள் மூச்சைப் பிடித்துக் கொள்ளும் நேரம் அது.

அப்போது முயல் ஒரு காரியம் செய்கிறது. "அதோ பார்" என்று பூதத்துக்குத் திரைக்கு வெளியே கையைக் காட்டுகிறது.

பூதம் திரும்பிப் பார்க்கிறது. யாரைப் பார்க்கிறது தெரியுமா? கொட்டகையில் உட்கார்ந்து படம் பார்த்துக் கொண்டிருக்கும் ஜனங்களை!

"ஐயோ, மனிதர்கள்!" என்று அலறுகிறது பூதம். அடுத்த கணம் ஓட்டம்! வாசல் எது, சுவர் எது என்று பார்க்கவில்லை. சுவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுகிறது. அது போன வழியெல்லாம் சுவரில் பூதத்தின் உருவத்திலேயே ஓட்டை!

இந்தக் கார்ட்டூன் படம் 1946-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் வெளிவந்தது. ஓடும் நேரம் சுமார் 7 நிமிடம். எடுத்தவர் சக் ஜோன்ஸ் என்ற டைரக்டர். படத்தில் வரும் முயல், உலகமெல்லாம் தெரிந்த பக்ஸ் பன்னி. படத்தின் பெயர் "ஹேர் ரெய்சிங் ஹேர்". இங்கிலீஷில் மயிருக்கும் முயலுக்கும் ஒரே உச்சரிப்பு. "மயிர்க்கூச்செறிய வைக்கும் முயல்" என்று பெயரிலேயே ஒரு குறும்பு.

பயங்கரப் படங்களைக் கேலி செய்ய வந்த படம் இது. ஆனால் வெறும் கேலி அல்ல. அந்தப் பழைய படங்களை ஆசையோடு பார்த்து, அவற்றின் உள்ளே இருந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்ட ஒருவர்தான் இப்படி எடுக்க முடியும். அது என்ன விஷயம்?

ஊறுகாய்ப் படம்

அந்தக் காலத்தில் அமெரிக்கக் கொட்டகைகளில் ஒரு டிக்கெட் வாங்கினால் ஒரு படம் மட்டும் காட்ட மாட்டார்கள். முதலில் உலகச் செய்திகளைக் காட்டும் நியூஸ் ரீல். பிறகு ஒரு துண்டுப் படம். ஒரு கார்ட்டூன். அப்புறம்தான் பெரிய படம். நம் ஊர்க் கொட்டகைகளிலும் ஒரு காலத்தில் கதை ஆரம்பிக்கும் முன் அரசாங்கச் செய்திப் படம் காட்டியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

கார்ட்டூன் என்பது சாப்பாட்டில் ஊறுகாய் மாதிரி. அதற்காக யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. பெரிய படம் ஆரம்பிப்பதற்குள் ஜனங்கள் வந்து உட்கார வேண்டும். அந்த இடைவெளியை நிரப்ப ஒரு சரக்கு. அவ்வளவுதான் அதற்கு மரியாதை.

வார்னர் பிரதர்ஸ் கம்பெனியின் கார்ட்டூன்காரர்கள் ஆரம்பத்தில் வேலை பார்த்த இடமும் அந்த மரியாதைக்குத் தக்கபடிதான் இருந்தது. 1930-களில் அவர்களில் சிலருக்கு ஸ்டூடியோவில் ஒரு பழைய மரக் கட்டிடத்தை ஒதுக்கினார்கள். கரையான் அரித்த கட்டிடம். அங்கே வேலை பார்த்த இளைஞர்கள் அதற்குக் "கரையான் மாடி" என்று தாங்களே பெயர் வைத்துக் கொண்டார்கள். அந்த இளைஞர்களில் ஒருவர் சக் ஜோன்ஸ்.

முதலாளிகள் இந்தச் சின்னப் படங்களை அதிகமாகக் கவனிக்காததில் ஒரு லாபமும் உண்டு. மனதுக்குப் பிடித்ததைச் செய்து பார்க்கலாம்!

பெயருக்குப் பதில் கேள்விக்குறி

முயலைத் துரத்திய பூதத்துக்கு ஒரு மூதாதை உண்டு. அது பிறந்தது 1931-ல்.

அந்த வருஷம் யூனிவர்சல் கம்பெனி இரண்டு பயங்கரப் படங்களை வெளியிட்டது. ஒன்று, ரத்தம் குடிக்கும் பிரபுவின் கதையான "டிராகுலா". இன்னொன்று "பிராங்கன்ஸ்டைன்".

பிராங்கன்ஸ்டைன் என்றால் பூதத்தின் பெயர் என்று நினைப்பவர்கள் அநேகம். அது தவறு. பூதத்தைச் செய்த விஞ்ஞானியின் பெயர்தான் பிராங்கன்ஸ்டைன். மேரி ஷெல்லி என்ற ஆங்கிலப் பெண் எழுதி 1818-ல் வெளிவந்த நாவல் அது. எழுத ஆரம்பித்தபோது அவருக்கு வயது 18! செத்த உடல்களிலிருந்து எடுத்த உறுப்புக்களைக் கொண்டு விஞ்ஞானி ஓர் உருவம் செய்கிறான். அதற்கு உயிர் வருகிறது. அதன் கோரத்தைப் பார்த்து, செய்தவனே பயந்து ஓடி விடுகிறான். பெயர்கூட வைக்கவில்லை.

படத்தில் இந்தப் பூதமாக வந்தவர் போரிஸ் கார்லாப். சொந்தப் பெயர் வில்லியம் ஹென்றி பிராட். லண்டனில் பிறந்தவர். அவருடைய தந்தை இந்தியாவில் வெள்ளைக்கார அரசாங்கத்தின் உப்பு வரி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர் என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

கார்லாப் இளமையில் கப்பலேறிக் கனடாவுக்குப் போனார். கூலி வேலை செய்தார். லாரி ஓட்டினார். சினிமாவில் எத்தனையோ சில்லறை வேஷங்கள் போட்டார். வயது 43 ஆகியும் பெயர் சொல்லும்படி ஒன்றும் அமையவில்லை. ஒரு நாள் ஸ்டூடியோ சாப்பாட்டு விடுதியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய முகவெட்டைப் பார்த்த டைரக்டர் ஜேம்ஸ் வேல், "பூதமாக நடிக்கிறீர்களா?" என்று கேட்டார்.

மேக்கப் போட்டவர் ஜாக் பியர்ஸ். கிரேக்க நாட்டிலிருந்து வந்தவர். பஞ்சையும் பசையையும் அடுக்கடுக்காக ஒட்டி, நெற்றியை உயர்த்தி, மண்டையைத் தட்டையாக்கினார். கழுத்தின் இரு பக்கமும் இரும்பு முளை வைத்தார். கார்லாப்பின் வாயில் கட்டுப்பல் இருந்தது. அதைக் கழற்றி வைத்தார். கன்னம் ஒட்டிப் போயிற்று. இவ்வளவும் செய்ய ஒவ்வொரு நாளும் சுமார் 4 மணி நேரம் பிடித்தது. அதன் பிறகுதான் நடிப்பு. கனமான உடை, அதைவிடக் கனமான பூட்சு. அந்தப் படத்தில் பட்ட முதுகுவலி அவரைப் பிற்காலத்திலும் விடவில்லை.

இத்தனைக்கும் படத்தின் ஆரம்பத்தில் நடிகர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பூதமாக நடிப்பவர் என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார்கள்! ஜனங்களின் ஆவலைத் தூண்ட ஒரு தந்திரம்.

இன்னொரு தந்திரமும் செய்தார்கள். படம் தொடங்கும் முன் ஒருவர் திரைக்குப் பின்னாலிருந்து வந்து நிற்பார். ஜனங்களைப் பார்த்து, "இது பயங்கரமான கதை. எச்சரித்து விட்டோம்" என்ற முறையில் பேசுவார். 15 வருஷம் கழித்து முயல் பூதத்துக்கு ஜனங்களைக் காட்டியதே, அதற்கு விதை இங்கே இருக்கிறது. அங்கே ஜனங்களுக்குப் பூதத்தைப் பற்றி எச்சரிக்கை. இங்கே பூதத்துக்கு ஜனங்களைப் பற்றி எச்சரிக்கை!

ஏரிக்கரையில் ஒரு சிறுமி

"பிராங்கன்ஸ்டைன்" படத்தைப் பார்த்தவர்கள் மறக்காத காட்சி ஒன்று உண்டு.

பூதம் காட்டு வழியே தப்பி வருகிறது. ஏரிக்கரையில் ஒரு சிறுமி தனியாக விளையாடிக் கொண்டிருக்கிறாள். பூதத்தைப் பார்த்து அவள் பயப்படவில்லை. படத்தில் அதைப் பார்த்துப் பயப்படாத முதல் ஜீவன் அவள்தான். கையைப் பிடித்து அழைத்துப் போகிறாள். பூக்களைக் கொடுக்கிறாள். இருவரும் ஒவ்வொரு பூவாகத் தண்ணீரில் போடுகிறார்கள். பூ மிதக்கிறது. பூதம் சிரிக்கிறது!

பூக்கள் தீர்ந்து போயின. பூதம் வெறும் கையைப் பார்க்கிறது. சிறுமியைப் பார்க்கிறது. அவளும் பூ மாதிரி மிதப்பாள் என்று எண்ணி, அவளைத் தூக்கித் தண்ணீரில் போட்டு விடுகிறது. அவள் மூழ்கி விடுகிறாள். பூதம் பதறுகிறது. என்ன நடந்தது என்றே அதற்குப் புரியவில்லை.

சிறுமியை எறிவதைக் கார்லாப் விரும்பவில்லை. டைரக்டர் பிடிவாதமாக எடுத்தார். தணிக்கைக்காரர்கள் அந்தத் துண்டை வெட்டினார்கள். அதனால் விபரீதம் அதிகமாயிற்று. பூதம் சிறுமியை நோக்கிக் கையை நீட்டுவது மட்டும் தெரியும். பிறகு அவளுடைய பிணத்தைத் தந்தை தூக்கி வருவார். இடையில் என்ன நடந்ததோ என்று ஜனங்கள் இன்னும் கோரமாகக் கற்பனை செய்து கொண்டார்கள். வெட்டிய துண்டு 1980-களில்தான் படத்தில் திரும்பச் சேர்ந்தது.

வெட்டினாலும் குழந்தைகள் ஏமாறவில்லை. கார்லாப்புக்குக் குழந்தைகளிடமிருந்து கடிதங்கள் வந்தன. பூதத்தைத் திட்டி அல்ல, பூதத்துக்காகப் பரிதாபப்பட்டு! இதை அவரே பிற்காலத்தில் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார்.

1935-ல் வந்த இரண்டாம் படத்தில் இந்தப் பரிதாபம் இன்னும் வளர்ந்தது. காட்டுக் குடிசையில் ஒரு கிழவர். கண் தெரியாதவர். பிடில் வாசிக்கிறார். சத்தத்தைக் கேட்டு வந்த பூதத்தை உள்ளே அழைக்கிறார். ரொட்டி கொடுக்கிறார். பேசச் சொல்லித் தருகிறார். "நண்பன்" என்ற சொல்லைப் பூதம் அங்கேதான் கற்றுக் கொள்கிறது. கண் தெரியாத ஒருவரிடம்தான் அதற்கு நட்புக் கிடைத்தது. அதுவும் எத்தனை நேரம்? கண் தெரிந்த இரண்டு பேர் துப்பாக்கியோடு வருகிறார்கள். குடிசை தீப்பிடிக்கிறது. எல்லாம் போயிற்று.

1939-ல் மூன்றாம் படம். அதோடு கார்லாப் அந்த வேஷத்தைக் கழற்றி வைத்தார். கம்பெனி விடவில்லை. வேறு நடிகர்களை வைத்து 1942, 1943, 1944, 1945 என்று வரிசையாகப் படம் எடுத்தது. ஒரே படத்தில் பூதம், ரத்தம் குடிக்கும் பிரபு, ஓநாய் மனிதன் எல்லாரையும் சேர்த்துப் போட்டது. பழைய குழம்பில் தண்ணீர் ஊற்றிய கதைதான். பயம் போய்விட்டது. பரிதாபமும் போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் முயல் வந்தது.

பொம்மைப் பெண்ணின் பின்னால்

கார்ட்டூன்காரர்கள் பயங்கரப் படத்தைத் தொட்டது அதுவே முதல் தடவை அல்ல. 1933-லேயே வால்ட் டிஸ்னி கம்பெனி "மேட் டாக்டர்" என்ற படம் எடுத்திருந்தது. பைத்தியக்கார டாக்டர் மிக்கி எலியின் நாயைத் திருடிப் போகிறான். நாய்த் தலையைக் கோழியோடு ஒட்ட வைக்க ஏற்பாடு! மிக்கி தேடிப் போய்ப் படாத பாடு படுகிறது. கடைசியில் எல்லாம் கனவு. அழகாக வரைந்த படம். ஆனால் அது நிஜமாகவே பயமுறுத்தியது. கேலியை விடப் பயமே அதில் அதிகம்.

சக் ஜோன்ஸ் வேறு வழியில் போனார்.

படம் தொடங்கும்போது பக்ஸ் பன்னி இரவு உடையில், மெழுகுவர்த்தியும் கையுமாக நிற்கிறது. யாரோ தன்னைப் பார்ப்பது போல அதற்கு ஒரு சந்தேகம். சந்தேகம் சரிதான். தூரத்துக் கோட்டையில் ஒரு விஞ்ஞானி டெலிவிஷன் பெட்டியில் முயலைப் பார்த்துக் கொண்டிருக்கிறான். வளர்க்கும் பூதத்துக்கு இரை வேண்டும். முயலை வரவழைக்க ஒரு பெண் முயலை அனுப்புகிறான். நிஜமான பெண் அல்ல. சாவி கொடுத்தால் நடக்கும் பொம்மை!

முயல் சொக்கிப் போய்ப் பின்னாலேயே வருகிறது. கோட்டைக்குள் நுழைந்ததும் விஞ்ஞானி கதவைப் பூட்டுகிறான். "எதற்குப் பூட்டுகிறாய்? நான் போவதாக இல்லையே" என்கிறது முயல். பொம்மையின் கையைப் பிடித்து ஒரு முத்தம் கொடுக்கிறது. பொம்மை சுக்குநூறாகச் சிதறுகிறது!

அந்த விஞ்ஞானியின் முகம் அமெரிக்க ஜனங்களுக்குத் தெரிந்த முகம். பிதுங்கிய கண், பட்டுப்போன்ற மெல்லிய குரல். பீட்டர் லோரி என்ற நடிகரை அப்படியே கேலிச்சித்திரமாகப் போட்டிருந்தார்கள். லோரி 1931-ல் ஜெர்மனியில் எடுத்த "எம்" என்ற படத்தில் குழந்தைகளைக் கொல்லும் கொலைகாரனாக நடித்துப் புகழ் பெற்றவர். யூதர். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டுத் தப்பி வந்தவர். ஹாலிவுட்டில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் பயமுறுத்தும் வேஷம்தான்.

நிஜமாகவே மனிதரைக் கண்டு ஓடி வந்தவர் அவர். யுத்தம் முடிந்த மறு வருஷம், அவருடைய முகத்தைப் போட்ட படத்தில் பூதம் மனிதரைக் கண்டு ஓடுகிறது. சக் ஜோன்ஸ் இதையெல்லாம் எண்ணித்தான் செய்தார் என்று சொல்வதற்கில்லை. சிரிக்க வைக்கத்தான் செய்தார். ஆனாலும் இன்று பார்க்கிறவர்களுக்கு அந்த எண்ணம் வராமல் போகாது.

நகத்துக்கு நல்ல வைத்தியம்

இந்தப் படத்தின் உயிரான காட்சிக்கு வருவோம்.

பூதம் முயலை எட்டிப் பிடிக்கும் தறுவாய். முயல் சட்டென்று ஒரு சிறு மேஜையைப் போடுகிறது. பூதத்தை எதிரே உட்கார வைக்கிறது. அதன் கையைப் பிடித்து நகத்தைச் சீவத் தொடங்குகிறது. நகத்துக்கு அழகு செய்யும் கடைப் பெண்ணாக மாறி விடுகிறது முயல்!

வெறுமனே சீவவில்லை. வாய் ஓயாத பேச்சு. பூதங்களுடைய வாழ்க்கை ரொம்ப சுவாரசியமாக இருக்குமே, எத்தனையோ பேரைச் சந்திப்பீர்களே என்று அடுத்த வீட்டு அக்காள் மாதிரி அளக்கிறது.

பூதம் என்ன செய்கிறது? கொல்ல வந்ததை மறந்து விடுகிறது. கையை நீட்டிக்கொண்டு அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. அதனிடம் இப்படி யாரும் பேசியதே இல்லை. பயங்கரமான அந்த மயிர்க் குவியலில் ஒரு வெட்கம் தெரிகிறது.

குருட்டுக் கிழவரின் குடிசையும் இதுவும் ஒரே காட்சி அல்லவா? அங்கே கண்ணீர், இங்கே சிரிப்பு; அதுதான் வித்தியாசம். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச மாட்டார்களா என்று இரண்டு பூதங்களும் ஏங்குகின்றன. 1940-களில் யூனிவர்சல் கம்பெனி வரிசையாக எடுத்த படங்களில் தொலைந்து போனது, ஏழு நிமிடக் கார்ட்டூனில் திரும்பக் கிடைத்தது.

முயல் என்ன, பரம சாதுவா? "இனித் தண்ணீரில் விரலை நனையுங்கள்" என்கிறது. இரண்டு கிண்ணங்கள். உள்ளே எலிப்பொறி! விரல்கள் மாட்டிக்கொண்டு பூதம் அலறுகிறது. மறுபடி துரத்தல்.

இன்னோர் இடத்தில் பூதம் கண்ணாடி முன் நிற்கிறது. கண்ணாடிக்குள் இருக்கும் அதன் பிம்பம், பூதத்தைப் பார்த்துப் பயந்து ஓடிவிடுகிறது! தன் நிழலும் தன்னோடு நிற்காத ஜென்மம். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் இடம். பெரியவர்கள் சிரித்துவிட்டு ஒரு கணம் நிதானிக்கும் இடம்.

ஒரு வெட்கத்துக்கு எத்தனை படம்?

சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படம் ஓட வேண்டும். 7 நிமிடம் என்றால் 10 ஆயிரத்துக்கு மேல். ஒரே சித்திரத்தை இரண்டு தடவை படம் பிடித்துச் சிக்கனம் செய்தாலும் ஆயிரக்கணக்கான சித்திரங்கள் வேண்டும். முதலில் காகிதத்தில் பென்சிலால் வரைவார்கள். அதைக் கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளில் மையால் நகல் எடுப்பார்கள். பின்புறம் வர்ணம் பூசுவார்கள். இந்த மை, வர்ண வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒவ்வொரு தாளையும் கோட்டைச் சித்திரத்தின் மேல் வைத்துப் படம் பிடிப்பார்கள்.

நடிகருக்குப் புருவத்தை அசைத்தால் போதும். இங்கே புருவம் அசைய எத்தனை தாள்! அந்தப் பூதத்துக்கு மூக்கு இல்லை, வாயும் மயிருக்குள் மறைந்து கிடக்கிறது. கண்ணையும் கையையும் வைத்துக்கொண்டே வெட்கத்தை வரவழைத்திருக்கிறார்கள். மூஞ்சியில் நாலு மணி நேரம் பஞ்சும் பசையும் ஒட்டிக்கொண்டு கார்லாப் பட்ட பாட்டுக்கு இது குறைந்தது அல்ல.

சங்கீதம் கார்ல் ஸ்டாலிங். பேசாத படக் காலத்தில் கொட்டகையில் உட்கார்ந்து படத்துக்கு ஏற்ற மாதிரி வாசித்துப் பழகியவர். முயலுக்குக் குரல் கொடுத்தவர் மெல் பிளாங்க்.

கார்லாப்பே வந்தார்!

பூதம் மறுபடி வந்தது 1952-ல். இதையும் எடுத்தவர் சக் ஜோன்ஸ். பெயர் "வாட்டர் வாட்டர் எவ்ரி ஹேர்".

மழை கொட்டுகிறது. முயல் வளைக்குள் வெள்ளம். தூங்கிக் கொண்டிருந்த முயல் படுக்கையோடு மிதந்து போகிறது. போய்ச் சேரும் இடம் ஒரு கோட்டை. வாசலில் சினிமாக் கொட்டகை மாதிரி மின்சார விளக்கு எழுத்து: "கெட்ட விஞ்ஞானி"! அணைந்து எரிந்தால் "பூ!" என்று குழந்தைகளைப் பயமுறுத்தும் சத்தம், எழுத்தில்.

இந்தத் தடவை விஞ்ஞானியின் முகம் பீட்டர் லோரி அல்ல. ஒட்டிய கன்னமும் கனத்த புருவமுமாக, போரிஸ் கார்லாப்! பழைய பூதமே விஞ்ஞானி ஆகிவிட்டது. அவன் செய்து வைத்திருக்கும் எந்திர மனிதனுக்கு ஒரு மூளை வேண்டும். முயலைப் பிடிக்கச் செம்பட்டைப் பூதத்தை அவிழ்த்து விடுகிறான். இந்தப் படத்தில் பூதத்துக்கு ருடால்ப் என்று பெயர்.

முயல் இந்தத் தடவை சிகை அலங்காரக்காரி. பூதத்தின் தலையில் டைனமைட் குச்சிகளைச் சொருகிச் சுருட்டி விடுகிறது! கடைசியில் ஒரு மருந்தை ஊற்ற, பூதம் கட்டை விரல் அளவு சுருங்கிப் போகிறது. சுவரில் இருந்த எலி வளைக்குள் நுழைந்து, எலியை வெளியே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக் கொள்கிறது. போதும் இந்த உத்தியோகம் என்று வாசலில் ஒரு பலகை!

1980-ல் வந்த ஒரு கார்ட்டூனில்தான் இந்தப் பூதத்துக்கு நிலையான பெயர் கிடைத்தது. "காசமர்". காற்றில் மிதக்கும் மெல்லிய சிலந்தி நூலுக்கு இங்கிலீஷில் அப்படிச் சொல்வார்கள். பிராங்கன்ஸ்டைனின் பூதம் பெயரில்லாமலே இருந்து விட்டது. இதற்குப் பெயர் கிடைக்க 34 வருஷம் ஆயிற்று.

முதலில் சிரிப்பு, பிறகு பயம்

கொட்டகையில் இடைவெளியை நிரப்ப வந்த இந்தப் படங்கள் ஒரு வாரம் ஓடிவிட்டுப் பெட்டிக்குள் போயிருக்க வேண்டியவை. டெலிவிஷன் அவற்றைக் காப்பாற்றியது. 1956-ல் வார்னர் கம்பெனி தன் பழைய கார்ட்டூன்களை டெலிவிஷனுக்காக விற்றது. 1957-ல் யூனிவர்சல் கம்பெனியின் பழைய பயங்கரப் படங்களும் 52 படங்கள் கொண்ட ஒரே கட்டாக டெலிவிஷனுக்கு வந்தன.

அதனால் ஒரு வேடிக்கை. கார்ட்டூன், குழந்தைகள் விழித்திருக்கும் நேரத்தில். பயங்கரப் படம், பின்னிரவில். குழந்தைகள் அநேகர் கேலியை முதலில் பார்த்தார்கள். எதைக் கேலி செய்தார்கள் என்பதைப் பிறகு பார்த்தார்கள். பூதத்துக்கு வெட்கப்படத் தெரியும் என்று அறிந்த பிறகே அதன் கோரத்தைப் பார்த்தார்கள்.

கிழவரின் குரல்

1960-களின் தொடக்கத்தில் சக் ஜோன்ஸ் வார்னர் கம்பெனியை விட்டு வெளியே வந்தார். 1966-ல் டெலிவிஷனுக்காக ஒரு கார்ட்டூன் எடுத்தார். டாக்டர் சூஸ் என்பவர் குழந்தைகளுக்காக 1957-ல் எழுதிய கிறிஸ்துமஸ் கதை அது. மலை மேல் தனியாக வாழும் கிரிஞ்ச் என்ற பச்சை நிறப் பிராணி. ஊர் ஜனங்கள் சந்தோஷமாக இருப்பது அதற்குப் பிடிக்கவில்லை. இரவோடு இரவாக வீடு வீடாகப் புகுந்து பண்டிகைச் சாமான்களைத் திருடுகிறது.

அந்தப் பிராணிக்குக் குரல் வேண்டும். கதை சொல்லவும் ஒருவர் வேண்டும். சக் ஜோன்ஸ் யாரைக் கூப்பிட்டார்? 80 வயதை நெருங்கிக் கொண்டிருந்த போரிஸ் கார்லாப்பை!

எந்த முகத்தைக் கேலிச்சித்திரமாகப் போட்டாரோ, அந்த மனிதர் வந்து மைக்கின் முன் உட்கார்ந்தார். மேக்கப் இல்லை, கனத்த பூட்சு இல்லை. இரண்டு வேலையையும் குரலாலேயே செய்தார். அதன் இசைத்தட்டுக்குக் குழந்தைகள் பிரிவில் கிராமி பரிசு கிடைத்தது. இந்தப் படத்திலும் ஒருவருடைய பெயர் விட்டுப் போயிற்று. அதில் வரும் பாட்டைப் பாடியவர் தர்ல் ரேவன்ஸ்கிராப்ட். பெயர்ப் பட்டியலில் அவரைக் காணோம். கார்லாப்பே பாடினார் என்று ஜனங்கள் நினைத்துக் கொண்டார்கள். ஒரு காலத்தில் கேள்விக்குறி வாங்கியவருக்கு அடுத்தவர் புகழும் சேர்ந்து வந்தது!

1969-ல் கார்லாப் இங்கிலாந்தில் காலமானார். சக் ஜோன்ஸ் 2002 வரை வாழ்ந்தார்.

அந்தக் கார்ட்டூனில் ஓர் இடம். கிரிஞ்ச் ஒரு வீட்டில் பண்டிகை மரத்தைத் திருடிக் கொண்டிருக்கிறது. பின்னால் ஒரு சின்னச் சத்தம். திரும்பிப் பார்த்தால், தூக்கத்திலிருந்து எழுந்து வந்த ஒரு சிறுமி நிற்கிறாள். இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தை. பயப்படவில்லை. மரத்தை ஏன் எடுத்துப் போகிறாய் என்று கேட்கிறாள்.

கிரிஞ்ச் என்னவோ பொய் சொல்லிச் சமாளிக்கிறது. அவள் தலையைத் தட்டிக் கொடுக்கிறது. குடிக்கத் தண்ணீர் கொடுத்து, படுக்கைக்கு அனுப்பி வைக்கிறது.